தெருப்படத்தை ரொம்பக் கழுவாதீங்க, மக்கா!

'படம் சூப்பர்'ங்கறது விமர்சனம் இல்லை. இதுல யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனா, 'படம் 2 டிகிரி சாய்ஞ்சிருக்கு, பின்னாடி இருக்கற சுவரைக் கிராப் பண்ணிடுங்க, கருப்பு வெள்ளையாக்கினா இன்னும் நல்லா வரும்'ங்கறதும் விமர்சனம் இல்லைன்னு சொன்னா கொஞ்சம் பேருக்குக் கோபம் வரும். வரட்டும், பரவாயில்லை :-) இன்னிக்கு அதைத்தான் சொல்லப்போறேன்.

மாசாமாசம் ஒரு தலைப்பு கொடுத்து நடத்தற போட்டோ போட்டிகள் தெரியும்தானே? 'காத்திருத்தல்', 'உழைப்பு', 'நிழல்', 'முதுமை'ன்னு ஒரே ஒரு சொல்லைக் கொடுத்துடுவாங்க. நாமளும் கேமராவையோ மொபைலையோ தூக்கிக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலையில காசிமேடு, சௌகார்பேட்டை, மயிலாப்பூர் மாடவீதின்னு கிளம்பிடுவோம். 200 படம் எடுத்து, அதுல 5 படத்தைப் பொறுக்கி, அந்த 5-ல எதை அனுப்பறதுன்னு புரியாம 4 பேர்கிட்ட காட்டுவோம். அந்த 4 பேர் சொல்றதுதான் இங்கே மேட்டர். ஏன்னா போட்டிக்குப் போற படம் நாம எடுத்த படமா, இல்லை அந்த 4 பேர் சேர்ந்து திருத்தின படமாங்கறது அங்கேதான் முடிவாகுது.

ஒரு உதாரணம் சொல்றேன். நண்பர் ஒருத்தர் 'ஓய்வு'ங்கற தலைப்புக்கு ஒரு படம் எடுத்தார். இடம் பாரிமுனைக்குப் பின்னாடி ஒரு சந்து. உச்சி வெயில் நேரம். மீன்பாடி வண்டி ஒண்ணு நிக்குது. வண்டிக்காரர் அதும்மேலேயே காலை நீட்டிப் படுத்து, பச்சைக் கோடு போட்ட துண்டை முகத்துல போட்டுக்கிட்டு தூங்கறார். ஒரு கால் ஹேண்டில்பார் மேல. பின்னாடி சுவர்ல பெரிய எழுத்துல 'இங்கு வண்டி நிறுத்தாதீர்'. வலது ஓரத்துல டீ கிளாஸ் கம்பிக்கூண்டைத் தூக்கிக்கிட்டு ஒரு ஆள் ஃப்ரேமை விட்டு வெளியே போய்க்கிட்டிருக்கார், பாதி உடம்புதான் தெரியுது. அவர் இவரைத் திரும்பிக்கூட பார்க்கலை.

நான் பார்த்ததும் சிரிச்சுட்டேன். நீங்களும் சிரிச்சிருப்பீங்க.

நண்பர் படத்தை 5 பேர்கிட்ட காட்டினார். முதல் ஆள், 'சுவர்க் கோடு சாய்ஞ்சிருக்கு, நிமித்துங்க'ன்னார். ரெண்டாவது ஆள், 'ஓரத்துல பாதி மனுஷன் நிக்கறான், வெட்டிடுங்க'ன்னார். மூணாவது ஆள், 'பின்னாடி எழுத்து கண்ணை இழுக்குது, டைட்டா கிராப் பண்ணுங்க'. நாலாவது ஆள், 'பச்சைத் துண்டு ஓவரா அடிக்குது, கருப்பு வெள்ளை பண்ணுங்க'. அஞ்சாவது ஆள், 'நாலு மூலையையும் இருட்டாக்கினா மூட் வரும்'. எல்லாரும் நல்லவங்க, நேரம் செலவழிச்சுப் பார்த்தவங்க. தனித்தனியா எடுத்துக்கிட்டா எந்த யோசனையும் தப்புன்னு சொல்லிட முடியாது. பிரச்சினை என்னன்னா, நண்பர் அஞ்சையும் செஞ்சுட்டார்.

செஞ்சு முடிச்சப்புறம் படத்துல மிச்சம் இருந்தது, இருட்டுக்கு நடுவுல முகத்தை மூடிப் படுத்திருக்கற ஒரு மெலிஞ்ச மனுஷன். அவ்ளோதான். சுத்தமான படம். ஆனா கவனிங்க, தலைப்பே மாறிப்போச்சு. மொதல்ல இருந்தது ஓய்வு. 'நிறுத்தாதே'ன்னு எழுதின சுவருக்குக் கீழேயே வண்டியை நிறுத்திட்டு, ஊர் வேலை பார்க்கற நேரத்துல கால்மேல கால் போட்டுத் தூங்கற ஒரு தொழிலாளியோட கெத்து அதுல இருந்தது. இப்போ இருக்கறது வறுமை. ஒரு பாவப்பட்ட ஆள். இதே மாதிரி படத்தை நீங்களும் நானும் நூறு தடவை பார்த்தாச்சு.

அந்தப் படம் ஜெயிக்கலை. ஒரிஜினலை அனுப்பியிருந்தா ஜெயிச்சிருக்கும்னு நான் சொல்லவரலை. அது நடுவரோட பாடு. எனக்கு உறுத்தறது வேற. ஒரு ஆளை, அவரோட தெருவை, அவரோட குசும்பை எல்லாம் பிடுங்கிட்டு ஒரு அடையாளச் சின்னமா மாத்திட்டோம். அதுவும் 'படம் நல்லா வரணும்'ங்கற ஒரே நல்லெண்ணத்துல.

இது ஏன் நடக்குது?

என்னைக் கேட்டா காரணம் சிம்பிள். எது கண்ணுக்குச் சுலபமா தெரியுதோ அதைத்தான் நாம மொதல்ல சொல்றோம். கோடு சாய்ஞ்சிருக்கா? அளந்து சொல்லிடலாம். மூணுல ஒரு பங்கு விதிப்படி ஆள் நிக்கறாரா? கட்டம் போட்டுப் பார்த்துடலாம். தலையில இருந்து கம்பம் முளைச்சிருக்கா? ஒரே பார்வையில சொல்லிடலாம். ஆனா 'இந்தப் படம் எனக்கு என்ன சொல்லுது'ங்கறதுக்கு ஒரு நிமிஷமாவது உக்காந்து பார்க்கணும். அதுக்கு நமக்குப் பொறுமை கிடையாது.

பொட்டி தட்டற நம்ம மக்களுக்கு இது நல்லாவே புரியும். கோட் ரிவ்யூன்னு ஒண்ணு நடக்குமே? ஒருத்தர் எழுதின ஃபங்ஷன்ல 20 கருத்து வந்திருக்கும். வேரியபிள் பேரு சரியில்லை, இங்கே ஒரு ஸ்பேஸ் விடணும், இந்த வரி ரொம்ப நீளம். ஆனா பிப்ரவரி 29 கொடுத்தா அது சரியான விடை தருமான்னு ஒரு ஆள்கூட கேட்டிருக்கமாட்டார். 20 கருத்தும் சரிதான். ஆனா கேக்கவேண்டிய ஒரே கேள்வி விட்டுப்போச்சு. போட்டோ விமர்சனத்துல தினமும் நடக்கறது இதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. நாம படிச்சு வச்சிருக்கற விதிகள்ல நிறைய, எல்லாமே நம்ம கையில இருக்கற இடத்துக்குப் பொருந்தறது. மேசைமேல ஆப்பிளை வச்சு எடுக்கும்போது பின்னணித் துணியை மாத்தலாம், விளக்கை நகர்த்தலாம், ஆப்பிளை உருட்டலாம். மலையை எடுக்கும்போது ட்ரைபாட் போட்டு அரைமணி நேரம் காத்திருக்கலாம். தெருவுல இதெல்லாம் நடக்குமா? ரங்கநாதன் தெருவுல போய் 'எல்லாரும் கொஞ்சம் நகருங்க, பின்னணி குழப்பமா இருக்கு'ன்னு சொல்லிப் பாருங்க :-) தெருவுல பின்னணிங்கறதே தனியா கிடையாது. சுவர் விளம்பரம், கேபிள் ஒயர், பாதி ஆள், மாடு, பக்கத்துக் கடை போர்டு எல்லாம் சேர்ந்ததுதான் விஷயமே. 'தேவையில்லாததை நீக்கு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, எது தேவையில்லாததுன்னு தெரியணுமில்லையா?

பெரியவங்க படங்களை இப்படித் திருத்தினா?

ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன் 1932-ல் பாரிஸ் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னாடி எடுத்த படத்தைப் பார்த்திருப்பீங்க. தேங்கின தண்ணியை ஒரு ஆள் தாவறார், குதிகால் தண்ணியைத் தொட இன்னும் ஒரு நூலிழைதான் பாக்கி. தாவற ஆள் தெளிவா இல்லை, கலங்கித்தான் தெரியறார். பின்னாடி சுவர்ல ஒரு போஸ்டர். அதுலயும் ஒரு உருவம் தாவுது. முன்னாடி மனுஷனும் பின்னாடி போஸ்டரும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லிக்கறதுதான் அந்தப் படத்தோட பாதி சுவாரசியம். நம்மகிட்ட வந்திருந்தா என்ன சொல்லியிருப்போம்? 'ஆள் ஷார்ப்பா இல்லை, பின்னாடி போஸ்டர் டிஸ்டர்ப் பண்ணுது.'

'அவர் கிராப்பே பண்ணமாட்டார்'னு இவரை வச்சே அடுத்தவங்களை மிரட்டற கூட்டம் ஒண்ணு இருக்கு. அவங்களுக்கும் ஒரு சேதி. அவர் கிராப்புக்கு எதிரானவர்தான். ஆனா இந்தக் குறிப்பிட்ட படம் கிராப் பண்ணினது. வேலிப் பலகைகளுக்கு நடுவுல லென்ஸை நீட்டி எடுத்ததால ஓரத்துல பலகை மறைச்சது, அதை வெட்டினார். அதாவது, பார்க்கவேண்டியதை மறைக்கறதை வெட்டினார். பார்க்கவேண்டியதையே வெட்டலை. இந்த வித்தியாசம் புரிஞ்சா போதும், கிராப் பண்ணலாமா கூடாதாங்கற சண்டையே வேண்டாம்.

அடுத்து ராபர்ட் ஃப்ராங்க். 1955, 56-ல் அமெரிக்கா முழுக்கச் சுத்தி ஏறக்குறைய 28,000 ஃப்ரேம் எடுத்தார். புத்தகத்துல வந்தது 83. கணக்குப் போட்டா முந்நூத்துச் சொச்சத்துக்கு ஒண்ணு. 'தி அமெரிக்கன்ஸ்'ங்கற அந்தப் புத்தகம் மொதல்ல 1958-ல் பாரிஸ்லதான் வந்தது, அமெரிக்காவுல 1959-ல் வந்தது. வந்தவுடனே 'பாப்புலர் போட்டோகிராஃபி' பத்திரிகை அதைப் போட்டுக் கிழிச்சது. என்ன குறை? படம் கலங்கியிருக்கு, புள்ளி புள்ளியா இருக்கு, அடிவானம் சாய்ஞ்சிருக்கு, அக்கறையில்லாம எடுத்திருக்கார். நம்ம 5 பேர் சொன்ன அதே லிஸ்ட்! இன்னிக்கு தெருவுல படம் எடுக்கற எல்லாரும் படிக்கவேண்டிய புத்தகம்னு மொதல்ல கைகாட்டறது அதைத்தான்.

நம்மூர்க்காரர் ரகுபீர் சிங்கை விட்டுடக்கூடாது. 1942-ல் ஜெய்ப்பூர்ல பிறந்தவர், 1999-ல் மறைஞ்சார். 'சீரியஸான போட்டோன்னா கருப்பு வெள்ளைதான்'னு எல்லாரும் நம்பின காலத்துல பிடிவாதமா கலர்லயே எடுத்தவர். 1991-ல் ஹௌராவுல நடைபாதைக் கண்ணாடிக் கடையை வச்சு ஒரு படம் எடுத்திருக்கார். தெரு துண்டு துண்டா கண்ணாடிகளுக்குள்ள சிதறிக் கிடக்கும். ஃப்ரேமுக்குள்ள அவ்வளவு நெரிசல். ஆனா எதையாவது எடுத்துட்டா படமே போயிடும். 'கருப்பு வெள்ளை பண்ணுங்க, மூட் வரும்'னு சொல்றதுக்கு முன்னாடி இவர் படங்களை ஒரு தடவை பாருங்க. நம்ம வண்டிக்காரரோட பச்சைத் துண்டுக்கும் ஒரு வேலை இருந்திருக்கும்னு தோணும்.

அப்போ எப்படி வேணா எடுக்கலாமா?

இங்கே ஒரு பிரேக் போட்டுக்கறேன். 'ஃப்ராங்க் சாய்ச்சு எடுத்தார், நானும் சாய்ச்சு எடுக்கறேன்'னு கிளம்பினா அது வேற கூத்து. அவர் 28,000-ல் 83-ஐப் பொறுக்கினதை மறந்துடக்கூடாது. சாய்வு இருக்கலாம், கலங்கல் இருக்கலாம், ஆனா அது படத்துக்கு ஏதாவது செய்யணும். செய்யலைன்னா குறைதான். வண்டிக்காரரை விட்டுட்டு பின்னாடி சுவர் மட்டும் ஃபோகஸ் ஆகியிருந்தா அது குறை. உச்சி வெயில்ல தொப்பிக்குக் கீழே முகம் முழுக்க கருப்பாகி, அந்த முகம்தான் படத்துக்கே முக்கியம்னா, அது குறை. தலையில கம்பம் முளைச்சு கண்ணு வேற எங்கேயும் போகமாட்டேங்குதுன்னா, அதுவும் குறை.

ஆனா இந்தக் குறையை எப்படிச் சொல்றோம்ங்கறது முக்கியம். 'கம்பத்தை ஃபோட்டோஷாப்ல அழிச்சிடு'ங்கறது ஒரு வகை. 'அரையடி இடப்பக்கம் நகர்ந்திருந்தா கம்பம் ஒதுங்கியிருக்கும், அடுத்த தடவை ஷட்டரை அழுத்தறதுக்கு முன்னாடி தலைக்குப் பின்னாடி ஒரு தடவை பாரு'ங்கறது இன்னொரு வகை. முதல் வகை இந்த ஒரு படத்தைச் சரிபண்ணும். ரெண்டாவது வகை படம் எடுக்கற ஆளையே அடுத்த படிக்குக் கொண்டுபோகும்.

போட்டி விதிக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. 2010-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில ஸ்டெபான் ருடிக்ங்கறவர், கீவ் நகரத்துத் தெருச்சண்டை பத்தி எடுத்த படவரிசைக்குப் பரிசு வாங்கினார். அப்புறம் அது ரத்தாச்சு. காரணம், பின்னாடி நின்ன ஒரு ஆளோட பாதத்துல கொஞ்சூண்டு படத்துல தெரிஞ்சது, அதை அழிச்சிருந்தார். படத்தை அவர் பயங்கரமா கிராப் பண்ணியிருந்தார், கருப்பு வெள்ளையாக்கியிருந்தார், ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். அதெல்லாம் பிரச்சினையாகலை. அழிச்ச அந்தத் துளிப் பாதம்தான் பிரச்சினை. அதனால அடுத்த தடவை யாராவது 'அந்த ஓரத்தை மட்டும் க்ளோன் பண்ணி அழிச்சிடேன்'னு சொன்னா, சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டு நகர்ந்துடுங்க.

கேக்கறவங்க என்ன செய்யலாம்?

1. தலைப்பை மறைச்சுட்டுக் காட்டுங்க. 'ஓய்வு தலைப்புக்கு எப்படி இருக்கு?'ன்னு கேட்டா, பார்க்கறவர் மூளை தானாவே ஓய்வைத் தேடிக் கண்டுபிடிச்சுடும். எதுவும் சொல்லாம காட்டி, 'இதுல என்ன தெரியுது?'ன்னு கேளுங்க. 3 பேர்ல ஒருத்தராவது தலைப்புக்குப் பக்கத்துல வந்தா, தலைப்பு படத்துக்குள்ள இருக்குன்னு அர்த்தம். ஒருத்தர்கூட வரலைன்னா, தலைப்பு உங்க மனசுல மட்டும்தான் இருக்கு.

2. ஒரு படத்தைக் காட்டாதீங்க, அந்த இடத்துல எடுத்த 5, 6 படத்தையும் காட்டுங்க. நீங்க பொறுக்கினதைவிட முந்தின ஃப்ரேம் நல்லா இருக்கும். அடிக்கடி நடக்கறதுதான். முந்தினதுல அந்த டீக்காரர் இன்னும் முழுசா உள்ளே இருந்திருப்பார். இது தெரியாம, ஒரே படத்தை வச்சு 5 பேர் மண்டையை உடைச்சுக்கறது வீண்வேலை.

3. எடுத்த அன்னிக்கே காட்டாதீங்க. கேரி வினோக்ராண்ட்னு நியூயார்க்காரர் ஒருத்தர். எடுத்த ஃபிலிமை உடனே கழுவமாட்டார், ஒரு வருஷம்கூட தள்ளிப்போடுவார். எடுத்தப்போ இருந்த சந்தோஷம் படத்தை எடைபோடும்போது குறுக்கே வரக்கூடாதுன்னு. 1984-ல் அவர் இறந்தப்போ கழுவாமலே கிடந்த சுருள்கள் சுமார் 2,500! நமக்கு அவ்வளவு தாங்காது, போட்டிக்குக் கடைசித் தேதின்னு ஒண்ணு இருக்கு. ஒரு வாரம் போதும். வெயில்ல ஒண்ணரை மணி நேரம் அலைஞ்சு எடுத்த கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும், படத்துல அது தெரியாது. ஒரு வாரம் ஆனா உங்களுக்கும் மறந்துடும், அப்போ மத்தவங்க சொல்றது காதுல ஏறும்.

4. படம் எடுக்கத் தெரியாத ஒருத்தர்கிட்டயாவது காட்டுங்க. அம்மாகிட்ட காட்டுங்க, ஆபீஸ் வாசல் செக்யூரிட்டி அண்ணன்கிட்ட காட்டுங்க. அவங்களுக்கு மூணுல ஒரு பங்கு விதி தெரியாது. 'யாரு இது, ஏன் இங்கே படுத்திருக்கார்?'னு நேரா ஆளைப் பத்திக் கேப்பாங்க. தெருப்படத்துக்கு அதைவிட நல்ல கேள்வி கிடையாது.

5. எல்லாரும் சொன்னதையும் செய்யாதீங்க. 3 பேர் ஒரே இடத்தைக் காட்டி ஏதோ இடிக்குதுன்னு சொன்னா, அங்கே நிஜமாவே ஏதோ இடிக்குது. ஆனா அதுக்கு அவங்க சொல்ற மருந்து சரியா இருக்கணும்னு கட்டாயமில்லை. வலி எங்கேன்னு அவங்க சொல்லலாம், மருந்தை முடிவுபண்ணவேண்டியது அந்தத் தெருவுல நின்ன நீங்க.

சொல்றவங்க என்ன செய்யலாம்?

இதுக்கு லிஸ்ட் தேவையில்லை, வரிசையை மாத்தினா போதும். 'எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது இது. அங்கேயிருந்து கண்ணு இங்கே போச்சு. எனக்குப் புரிஞ்சது இது.' இந்த மூணையும் மொதல்ல சொல்லுங்க. அப்புறம் ஒரு கேள்வி கேளுங்க: 'ஓரத்துல அந்த ஆளை வேணும்னுதான் விட்டீங்களா?' பதில் வந்தப்புறம் சாய்வு, கிராப், கலர் எல்லாம் தாராளமா பேசுங்க. வரிசை மாறினதும் பாதி திருத்தம் தேவையே இல்லாம போயிடும். நம்ம அஞ்சு பேர்ல ஒரே ஒருத்தர் மொதல்ல 'சுவர்ல எழுதியிருக்கறதைப் படிச்சேன், சிரிப்பு வந்தது'ன்னு சொல்லியிருந்தா, மத்த நாலு பேரும் அந்தச் சுவரை வெட்டச் சொல்லியிருப்பாங்களா?

படத்துல இருக்கற ஆள்

இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. தெருப்படத்துல விமர்சனம் கேக்கறவர் ஒருத்தர், சொல்றவர் ஒருத்தர், ரெண்டு பேர்தான்னு நினைக்கறோம். மூணாவதா ஒருத்தர் இருக்கார். படத்துக்குள்ள இருக்கறவர். அவர்கிட்ட யாரும் கேக்கறதில்லை.

டாரத்தியா லாங்கே 1936-ல் கலிஃபோர்னியாவுல, பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாம கிடந்த கூலிக்காரங்க முகாம்ல எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படம் உலகத்துக்கே தெரியும். அந்தப் படத்துல கீழே ஓரத்துல ஒரு கட்டைவிரல் தெரிஞ்சது. இடைஞ்சலா இருக்குன்னு பின்னால அதை மங்கலாக்கினாங்க. அந்த விரல் பத்தி அவ்வளவு அக்கறை. ஆனா படத்துல இருந்த அம்மா ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் யாருன்னு வெளியே தெரியவந்தது 1978-ல். தன் பேரைக்கூடக் கேக்கலை, அந்தப் படத்தால தனக்கு ஒரு காசும் வரலை, எடுக்காமலே இருந்திருக்கலாம்ங்கற மாதிரிதான் அந்தம்மா சொன்னாங்க. அந்தப் படத்தால நல்லதும் நடந்தது, முகாமுக்கு உடனே உணவு போய்ச் சேர்ந்தது. அதை மறுக்கலை. ஆனாலும் அந்தம்மா பேச்சு மனசுல நிக்குது.

கிட்டத்துல நடந்த இன்னொண்ணு. 2018-ல் ஒரு இத்தாலியப் போட்டோகிராஃபர் நம்ம உத்தரப்பிரதேசத்துலயும் மத்தியப்பிரதேசத்துலயும் எடுத்த படங்கள் வெளியாகி பெரிய சர்ச்சை ஆச்சு. ஏழைங்க முன்னாடி மேசை போட்டு, பொய்யான சாப்பாட்டை அடுக்கி, கண்ணை மூடிக்கிட்டு சாப்பாட்டைக் கற்பனை பண்ணச் சொல்லி எடுத்திருந்தார். லைட்டிங், ஃப்ரேமிங் எல்லாம் கச்சிதம். நம்ம அஞ்சு பேர்கிட்ட காட்டியிருந்தா ஒரு குறையும் சொல்லியிருக்கமாட்டாங்க. அதுதான் பயமா இருக்கு.

தலைப்புப் போட்டிக்கே இந்த ஆபத்து கூடுதலா இருக்கு. 'முதுமை'ன்னு தலைப்பு வந்தா, நாம தெருவுல மனுஷங்களைப் பார்க்கறதை நிறுத்திட்டு சுருக்கத்தைத் தேட ஆரம்பிச்சுடறோம். கோயில் வாசல்ல உக்காந்திருக்கற பாட்டிக்கு நல்ல சுருக்கம், நல்ல சைட் லைட், க்ளிக். பாட்டி பக்கத்து ஆள்கிட்ட என்ன சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்கன்னு நமக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் தோணாது. 'உழைப்பு'ன்னா வியர்வை, 'வறுமை'ன்னா வெறும் தட்டு. அப்புறம் வர்ற விமர்சனமும் 'இன்னும் டைட்டா கிராப் பண்ணுங்க, சுருக்கம் நல்லாத் தெரியும்'னா, பாட்டி மொத்தமா காணாமப்போயி சுருக்கம் மட்டும் பரிசு வாங்கும்.

அதனால என் லிஸ்ட்ல ஒரு கேள்வி எப்பவும் உண்டு. 'இந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு அவர்கிட்டயே கொண்டுபோய்க் கொடுக்க உனக்குத் தைரியம் இருக்கா?' தெருவுல நிக்கறவங்களை எடுக்கச் சட்டம் தடுக்குதா இல்லையாங்கறது தனி விவாதம். இது அது இல்லை, சாதாரண மரியாதை. கொடுக்கத் தயங்கினா, படத்துல ஏதோ சரியில்லை. அதை எந்தக் கிராப்பும் சரிபண்ணாது. வண்டிக்காரரோட ஒரிஜினல் படத்தைத் தாராளமா அவர் கையில கொடுக்கலாம், அவரும் சிரிப்பார். திருத்தின படத்தைக் கொடுத்தா, 'ஏன் சார், செத்துப்போன மாதிரி இருக்கு'ம்பார்.

'நடுவர் மார்க் போடணுமே?'

இதுக்கு பதில் சொல்லாம விட்டா சண்டைக்கு வருவீங்க. ஆமா, கோடு நேரா இருந்தா மார்க் போடற நடுவர் உண்டு. மொத்தப் போட்டியையும் இலக்கணப் பரீட்சை மாதிரி நடத்தறவங்களும் உண்டு. அங்கே ஒரிஜினலை அனுப்பி நீங்க தோக்கலாம். ஆனா நடுவர் பக்கம் இருந்து பாருங்க. 'ஓய்வு'ன்னு தலைப்பு கொடுத்தா வர்ற படத்துல பாதி, தூங்கற மனுஷன், தூங்கற நாய், தூங்கற குழந்தை. எல்லாம் நேராத்தான் இருக்கும், எல்லாம் சுத்தமாத்தான் இருக்கும். அந்தக் குவியல்ல 'இங்கு வண்டி நிறுத்தாதீர்' ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்.

பரிசைவிட பெரிய நஷ்டம் இன்னொண்ணு. இப்படித் திருத்து வாங்கியே ஒரு வருஷம் ஓடினா, ஒருத்தர் எதை எடுத்தா யாரும் குறை சொல்லமாட்டாங்களோ அதை மட்டுமே எடுக்க ஆரம்பிச்சுடுவார். சில்லவுட், மழைத்தண்ணியில பிரதிபலிப்பு, புகைக்கு நடுவுல வெளிச்சக்கீற்று, தாத்தா முகச் சுருக்கம். எல்லாமே அழகு, எல்லாமே பத்திரம். சந்துக்குள்ள நுழைஞ்சு, சுவர் எழுத்தைப் படிச்சு, வண்டிக்காரர் காலைப் பார்த்து தனக்குள்ள சிரிச்சுக்கிட்டே க்ளிக் பண்ணின அந்த ஆள் மட்டும் இருக்கமாட்டார். என் நண்பர் இப்போ அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துலதான் இருக்கார். போன ரெண்டு தலைப்புக்கும் அவர் அனுப்பினது சூரிய அஸ்தமன சில்லவுட். நேரா இருந்தது, சுத்தமா இருந்தது.

அந்தக் காலத்துல ஃபிலிமைக் கழுவறதுன்னு சொல்லுவாங்க. கழுவினா படம் தெரியவரும். நாம இப்போ கழுவற கழுவுல படம் அழிஞ்சுதான் போகுது. கொஞ்சம் அழுக்கை விட்டுவைங்க மக்கா, தெருவுல எடுத்த படம்தானே!

டிஸ்கி: எனக்குப் படம் அனுப்பி அபிப்பிராயம் கேக்கற நண்பர்களுக்கு, தலைப்பைச் சொல்லாம அனுப்புங்க, கூடவே முன்னாடி பின்னாடி எடுத்த 4 ஃப்ரேமையும் அனுப்புங்க. 'சூப்பர்'னு சொல்லமாட்டேன், 'சாய்ஞ்சிருக்கு'ன்னும் சொல்லமாட்டேன். என்ன பார்த்தேன்னு மட்டும் சொல்றேன். ஆணி அதிகம்னா பதில் ரெண்டு நாள் லேட்டாகும், கோச்சுக்காதீங்க :-)